தீட்டக் கூடாத கத்தி

எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன் கத்தி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு இத்தாலி வரை போன அப்பா அங்கிருந்து கொண்டு வந்தது. தெருப் பிள்ளைகளுக்கு ரத்தக் கதை கேட்க ஆசை. "எத்தினி பேரக் கொன்னீங்க தாத்தா?" என்று சூழ்ந்துகொள்ளும். அப்பா அசைய மாட்டார். "கொல்றதாவது புடலங்காயாவது. கைதியாப் புடிச்ச ஆபீசர் ஒருத்தன் இத்தப் பைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தான். சிகரெட்டு இல்லாம தவிச்சுக்கினு இருந்தான். என் பங்கு சிகரெட்டக் குடுத்தேன், இத்தக் குடுத்துட்டான்" என்பார். பிள்ளைகள் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

கத்தி உறையோடு சேர்த்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் முறுக்கு முறுக்காக ஒரு கைப்பிடி. உறை முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும். கைப்பிடிக்குக் கீழே குறுக்காகச் சிறகை விரித்த கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திக். ஆயுத பூஜையன்று அரிவாள்மணை, கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பானர்கள் எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் வைப்போம். அந்த ஸ்வஸ்திக்குக்கு மட்டும் அம்மா தனியாகக் குங்குமம் வைப்பாள். அது எப்பேர்ப்பட்டவர்களின் சின்னம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த நான் சொல்லிப் பார்த்தேன். "பூஜையில வெச்சா அது சாமிது. போடி அந்தாண்ட" என்றுவிட்டாள்.

அல்சூரில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். இரண்டு வீட்டுப் பின்கதவும் அந்த முற்றத்தில்தான் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்த்த கன்னடக்காரர். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். எனக்கு அவர் அண்ணா, அவர் மனைவி அக்கா. அவர்களுடைய சின்னப் பெண் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். நான் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை, எல்லாரிடமும் வெடுக்கென்று பேசுவேன். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அந்த அண்ணாதான்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவர் வந்துவிடுவார். "பெரியவரே, ஒரே ஒரு தடவ வெளிய எடுங்க" என்பார். அப்பா உறையிலிருந்து கத்தியை உருவி, தட்டிலிருந்த வாழைப்பழத்தின் மேல் வைத்து அழுத்துவார். பழம் நசுங்குமே தவிர வெட்டுப்படாது. "பாத்தியா தம்பி, இது வெறும் ஜம்பத்துக்கு இடுப்புல தொங்கவுடற கத்தி. கூரே கெடயாது." அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வருஷா வருஷம் அதே பழம், அதே சிரிப்பு.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு வண்டிகளை எரிக்கிறார்கள், அந்தப் பக்கம் குடிசை எரிகிறது, இந்தப் பக்கம் கடை உடைகிறது என்று ஒவ்வொருவர் வாயிலும் ஒரு சேதி. எது நிஜம், எது புளுகு என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் வயதான அப்பா, அம்மா, நான். தமிழில் எழுதிய எங்கள் பெயர்ப்பலகை கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணா வந்தார். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. எங்கள் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கன்னடப் பலகையைக் கொண்டுவந்து எங்கள் கேட்டில் மாட்டினார். ஒரு நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, எங்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். ஒருமுறை கையில் கழிகளோடு ஒரு கும்பல் வந்து நின்றது. "இது நம்ம மனே. உள்ளே நம்ம அம்மா படுத்திருக்காங்க. சத்தம் போடாம போங்கப்பா" என்று கன்னடத்தில் அவர் சொன்னது ஜன்னலுக்கு உள்ளே எனக்குக் கேட்டது. அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கும்பல் போய்விட்டது.

அதே நாள் மத்தியானம், அண்ணா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அப்பா முன்னறை ஷெல்ஃபுக்குப் போனார். கத்தியை உருவி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துவைக்கிற கல்லின் முன்னால் குந்தினார். "தண்ணி ஊத்து" என்றார்.

"இன்னாத்துக்குப்பா? முன்னால அண்ணா இருக்காரே."

"முன்னால அவன் இருக்கான். பின்னால?"

"பின்னால அவங்க வூடுதானேப்பா."

"அதான்" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கும்பல் வந்து கழுத்தில் கத்தி வைத்தால் அவன் மட்டும் என்ன செய்வான், பின்பக்க வழியைக் காட்டிவிடுவான், அவனும் கன்னடக்காரன்தானே. அப்பா இவ்வளவையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. இவ்வளவு வாய் படைத்த நான், "சீ, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு" என்று கத்தியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ஏனென்றால் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. கர்ர்கர்ரென்று கல்லில் இரும்பு உரசும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. அக்கா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து, "என்னம்மா சத்தம்?" என்றார். "அரிவாள்மணை தீட்டறோம்க்கா" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கலவரம் அடங்கும்வரை, எங்களை அந்தப் பக்கம் போகவிடாமல், அப்பா பின்கதவைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் கத்தி. வாசலில் எங்களுக்காக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்காக உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணா வழக்கம்போல வந்து, "எங்கே பெரியவரே, வாழப்பழம்?" என்றார். "உறை இறுகிப் போச்சு தம்பி, வர மாட்டேங்குது" என்றார் அப்பா. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் உறை இறுகித்தான் இருந்தது. அப்பா போனார், பின்னாலேயே அம்மாவும் போனாள். கத்தியோடு அந்தப் பொய்யும் என் பங்குக்கு வந்து சேர்ந்தது. அண்ணாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அந்த நினைப்போடுதான் எனக்குப் பொழுது விடியும். அப்பா அம்மா சாவுக்கெல்லாம் அலைந்து திரிந்து காரியம் பார்த்தவர் அவர். எனக்கு டைபாய்டு வந்தபோது ராகி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அக்கா. ஊரில் எனக்கென்று இருந்ததே அந்த இரண்டு பேர். அவர்கள் நல்லது செய்யச் செய்ய எனக்கு எரிச்சல்தான் வரும், அவர்கள் மேல் இல்லை, என் மேல். ஆனால் வார்த்தை போய் அவர்கள் மேல்தான் விழும். "எனக்கு ஒண்ணும் வேணாம், வுடுங்க" என்று சள்ளென்று விழுவேன். அண்ணா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாவுக்குப் புது வேலை ஒன்று கிடைத்தது, என் கத்திக்கு விலை தேடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்கடைகளுக்குப் போய் வேடிக்கை பார்ப்பார். அங்கே பழைய ராணுவச் சாமான்களுக்கு மதிப்புச் சொல்கிற ஒரு ஆங்கிலோ இந்தியர் அவருக்குப் பழக்கமாகியிருந்தார். "பெரியவர் கத்தி லட்சக்கணக்குல போகுமாம்மா. அந்த ஆளு சொல்றாரு" என்று தினமும் நச்சரிப்பு.

"எனக்கு எதுக்குண்ணா லட்சம்? அள்ளிக்கினு போகவா?"

"விக்க பேடம்மா, வேணாம். அது என்னன்னு தெரிஞ்சுக்கலாம் இல்ல? பெரியவர் கொண்டாந்த சாமான்."

நான் சாக்குச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஆளையே கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார். பீரோச் சாவியைக் காணோம் என்றேன். பின்னால் டீத் தட்டோடு வந்த அக்கா, "உன் இடுப்புலதானேம்மா தொங்குது" என்றார். வேறு வழியில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன்.

வந்தவர் தரையில் பேப்பரை விரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸையும் பல்குத்தியையும் எடுத்தார். முதலில் கழுகின் இறகுக்குள் பல்குத்தியை விட்டு நோண்டினார். சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. "என்ன மேன் இது, பெயிண்ட்டா?"

"குங்குமம் சார்" என்றார் அண்ணா பெருமையாக.

அந்த ஆள் கொஞ்ச நேரம் அண்ணாவையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். குங்குமம் போன இடத்தில் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தது தெரிந்தது. போலிகளில் இது மொழுக்கென்று இருக்குமாம். கைப்பிடி செல்லுலாய்டு, முதலில் வெள்ளையாக இருந்து வயசாக ஆக இப்படிப் பழுத்திருக்கலாம் என்றார். ஒரு பக்கம் வெளுத்திருப்பதைக் காட்டி, பல வருஷம் இது வெளிச்சத்தில் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறது என்றார். சரிதான், அப்பா அதை முன்னறை ஷெல்ஃபில் வைத்திருந்தார், அந்த டிசம்பர் வரை. "ஆர்மி ஆபீசர் டிரெஸ் டாகர். பார்ட்டிக்கு, பரேடுக்குப் போட்டுக்கறது. சண்டைக்கு இல்ல. ஒரிஜினல் மாதிரிதான் இருக்கு. பிளேடு பாக்கணும்."

"உறை இறுகிப் போச்சு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அவர் சும்மா இழுத்தார். கத்தி வெண்ணெயாக வெளியே வந்துவிட்டது.

நான் அண்ணாவைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. பேப்பரில் இருந்த ஏதோ விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கைப்பிடித் தலையிலிருந்த குமிழைத் திருகிக் கழற்றினார். கைப்பிடி, கழுகு, ஒரு சின்னத் தோல் வளையம் என்று வரிசையாக உருவி வைத்தார். அலகின் அடியில் செய்தவனுடைய முத்திரை இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்து, "ஜெர்மனில கத்திக்குப் பேர்போன ஜோலிங்கன் ஊர்ல செஞ்சது. சந்தேகமே இல்ல" என்றார். அண்ணா என் தோளைத் தட்டினார். "பாத்தியாம்மா! நான் சொன்னேன் இல்ல!"

அப்போது அந்த ஆள் அலகின் ஓரத்தில் கட்டை விரலை வைத்து இழுத்தார். சட்டென்று கையை உதறிக்கொண்டார். விரலில் மெல்லிய சிவப்புக் கோடு.

"ஐயோ! யார் மேன் இதைத் தீட்டினது?"

விரலைச் சப்பிக்கொண்டே அலகைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கூரே வெக்க மாட்டான். ஃபேக்டரியிலேர்ந்து மொட்டையாத்தான் வரும். எந்த முட்டாள் இதைக் கொண்டு போய்க் கல்லுல தேய்ச்சது? பாதி விலை போச்சு!"

"பூஜைக்கு அப்பா புளி போட்டுத் தேய்ப்பார்" என்றேன்.

"புளி இப்படித் தேய்க்காதும்மா. இங்க பாரு." அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "நடுவுல எல்லாம் பழைய கருப்பு. ஓரத்துல மட்டும் வெள்ளையா கீறல். சண்டை காலத்துல தீட்டியிருந்தா கீறலும் கருத்திருக்கும். இது பத்து, பன்னெண்டு வருஷம்தான் இருக்கும். மெஷின் இல்ல, கருங்கல்லு. ரெண்டு பக்கமும், முனை வரைக்கும், பொறுமையா உக்காந்து தீட்டியிருக்கான். இது காய் நறுக்கறதுக்குத் தீட்டினது இல்ல." அவராகவே சிரித்துக்கொண்டார். "யாரைக் குத்தறதுக்கு?"

எனக்கு மண்ணோடு மண்ணாகப் போய்விடலாம் போலிருந்தது. பத்து, பன்னிரண்டு வருஷம் என்ற கணக்குப் போட அந்த அறையில் யாருக்கும் விரல் விட வேண்டியதில்லை. சொல்லிவிடு, இப்போதாவது வாயைத் திற என்று உள்ளே ஒன்று இடித்தது. ஊர் வாயெல்லாம் அடக்கிய வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

"நான்தான் சார் தீட்டினேன்" என்றார் அண்ணா.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "காவிரி கலாட்டால. இவங்க வீட்டுக்குக் காவலா வாசல்ல உக்காந்தேன் இல்ல, கையில ஒண்ணுமே இல்லையேன்னு பெரியவர்கிட்ட இரவல் வாங்கினேன். மொட்டையா இருந்துச்சு, தீட்டிட்டேன். விலை போயிடும்னு எனக்கென்ன சார் தெரியும்?"

"பேங்க் ஆபீசர் செய்யற வேலையா மேன் இது?" என்று அந்த ஆள் அவரைத் திட்டு திட்டென்று திட்டித் தீர்த்தார். சரித்திரத்தின் மேல் மரியாதை இல்லாத ஜென்மம், படித்த முட்டாள் என்று என்னென்னவோ சொன்னார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார், தப்புதான்" என்று கேட்டுக்கொண்டார். நான் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தியைப் பழையபடி பூட்டிக் கொடுத்துவிட்டு, விற்பதானால் இப்படியே விற்கச் சொன்னார், திரும்ப யாராவது கை வைத்தால் மீதிப் பாதியும் போய்விடும் என்று எச்சரித்தார். விரலில் அக்கா ஒட்டிவிட்ட பிளாஸ்திரியோடு கிளம்பிப் போனார்.

அக்கா டீக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணா செருப்பை மாட்டப் போனவர் நின்றுவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணா?" என்றேன்.

"ஹோக்லி பிடும்மா" என்றார். போகட்டும், விடு என்கிற மாதிரிக் கையையும் அசைத்தார். "தீட்டினத இந்த ஆளு கண்டுபுடிப்பார்னு தெரிஞ்சிருந்தா கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன். பெரியவருக்குப் பயம். அந்த நேரத்துல யாருக்குத்தான் இல்ல? நாற்காலியில உக்காந்திருந்தேனே தவிர, எனக்குக் காலெல்லாம் ஆடிட்டிருந்துச்சு."

"அப்பா மட்டும் இல்லண்ணா. நானும்தான். தண்ணி ஊத்தினது நான்."

அவர் தலையாட்டினார். அதுவும் தெரியும் என்பது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் மனசு வேறெங்கோ இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அக்கா கிளாஸ்களை அப்படியே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்மா. ரொம்ப வருஷமா உங்கிட்ட சொல்லணும்னு. தைரியம் வரல" என்றார். "கல்லு சத்தம் கேட்டு, ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு இவ வந்து சொன்னா, பெரியவர் அந்தக் கத்தியத் தீட்டறார்னு. எங்க சின்னவளுக்கு அப்ப மூணு வயசு. காலையில எழுந்தா, பல்லுகூட வெளக்காம உங்க பின்கதவத் தள்ளிக்கிட்டு உள்ள ஓடிடுவா. சொன்னா கேக்கற வயசா அது? பெரியவருக்குக் கண்ணும் சரியாத் தெரியாது. கதவு தெறந்த சத்தம் கேட்டு அவசரத்துல..." அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். "அதான், நீங்க உள்ள போனதும் உங்க பின்கதவுக்கு வெளியிலேர்ந்து நாதாங்கி போட்டுப் பூட்டிட்டேன். எல்லாம் அடங்கினப்புறம்தான் தெறந்தேன். உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அந்த நாட்களில் அக்கா பாலும் ரொட்டியும் குடத்தில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தது முன்வாசல் வழியாக, அண்ணா நாற்காலியைத் தாண்டி. ஏன் சுற்றிக்கொண்டு வருகிறார் என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. அப்பா அத்தனை நாள் காவல் காத்த கதவு பூட்டிய கதவு.

"முன்பக்கம் எவனாவது நெருப்பு வெச்சிருந்தா நீங்க மூணு பேரும் எப்படி வெளிய வந்திருப்பீங்க? அந்த நெனப்பே எனக்கு வரல பாரு. எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு அது ஒண்ணுதான். பத்து நாள் கழிச்சு ஒரு ராத்திரி திடீர்னு தோணிச்சு, தூக்கமே போயிடுச்சு. பெரியவர்கிட்ட சொல்லலாம்னு எத்தன தடவ வந்தேன் தெரியுமா? கத்தி காட்டுங்கன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுவேன். அவர் போற வரைக்கும் சொல்ல முடியல." அவர் கண் கலங்கிவிட்டது. என் முன்னால் இரண்டு கையையும் சேர்த்தார். "உங்கள உள்ள வெச்சுப் பூட்டினது பெரிய தப்பும்மா. எங்கள மன்னிச்சிடு."

எங்களைக் காப்பாற்றியவர், எங்கள் கத்திக்குப் பயந்து தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டதற்காக, என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அக்காதான் பிடித்து இறக்கினார்.